சிவப்பைக் கூட்டி, பச்சையைக் குறைத்து

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பாய் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வாரநாட்களில் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் பயோடேட்டா அடிக்கவும் ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்துச் சுடுகிற ஆட்டத்துக்கு விட்டுவிடுவார். என்னை அங்கே முதலில் கூட்டிப்போனது எங்கள் கம்பெனி லைன் லீடர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். அப்படி ஒருவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகவே போனேன்.

கம்பெனி தாம்பரம் சானடோரியத்தில், ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்தது. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவன். கான்ட்ராக்ட் ஆட்களை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பெர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்தக் காலத்தில் எனக்கு வேறு எண்ணமே இல்லை. இரும்புலியூரில் அண்ணன் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருந்தேன். தினமும் பாயைச் சுருட்டும்போது அண்ணி யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வார்: "பெர்மனென்ட் ஆயிட்டா ஒரு ரூம் பாத்துக்கலாம். நமக்கும் ஹால்ல காத்து வரும்."

சென்டரில் எல்லோரும் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையில் படத்தை ஓட்டும் புரோகிராமைத்தான் நோண்டிக்கொண்டிருப்பார்கள். பாயின் கம்ப்யூட்டர்கள் பழையவை. ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். அதனால் டிரைவர் செட்டிங்குக்குள் போய் நிழலை அணைப்பார்கள், தண்ணீரின் பளபளப்பை எடுப்பார்கள், மரங்களை மொட்டையாக்குவார்கள். படம் அசிங்கமாகிவிடும், ஆனால் வேகமாக ஓடும். இதில் லீடர் கெட்டிக்காரர். "டிரைவரு சரியில்ல, மொதல்ல டிரைவர மாத்தணும்" என்று அவர் சொன்னால், படப்பையிலிருந்து வரும் எங்கள் கம்பெனி வேன் டிரைவர், "நான் இன்னா பண்ணேன் மச்சான், ஒழுங்காத்தான வண்டி ஓட்டிகினு கீறேன்" என்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே ஜோக்கைச் சொல்லி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிரிப்பார்கள்.

ஆட்டத்தில் ஒரு கட்சிக்குச் செங்கல் நிற உடை, இன்னொரு கட்சிக்குப் பச்சை உடை. அவர்களுக்குப் பிடித்த இடம் ஒரு புல்வெளி. அங்கே நான் இறங்கியதும் செத்துவிடுவேன். புல்லுக்குள் படுத்திருப்பவனை மற்றவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு அசைவைத் தேடுவேன். அவன் அசைந்தால் உண்டு.

"புல்லுக்குள்ள தக்காளி மாதிரி கீறான், தெரியலயா?" என்பார் லீடர்.

"இப்ப தெரியுதுண்ணா" என்பேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நிறம் என்பது எல்லோரும் மனப்பாடம் செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இலை பச்சை, ரத்தம் சிவப்பு, தபால் பெட்டி சிவப்பு. வாய்ப்பாடு போல ஒப்பித்து வைத்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று எண்ணம். கம்பெனியிலும் பிரச்சினை வரவில்லை. ஒயர்களில் சீட்டு கட்டியிருக்கும். போர்டில் ஆணிகளுக்கு எண் இருக்கும். சீட்டைப் பார்த்து ஆணியில் மாட்டுவேன். என் போர்டிலிருந்து ஒரு கட்டும் திரும்பி வந்ததில்லை.

மாடிப்படி ஏறி உள்ளே நுழையும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் யாரும் வருவதற்கு முன்னாலேயே போய் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள்வேன். அப்படி ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, லீடர் செய்வதுபோல டிரைவர் செட்டிங்கைத் திறந்தேன். பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று உள்ளே உள்ளே போனால் கலருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. ரெட், கிரீன், புளூ என்று மூன்று கட்டைகள், தனித்தனியாக இழுக்கலாம். யாரும் அந்தப் பக்கத்துக்கு வருவதில்லை. அதை மாற்றினால் ஆட்டத்தின் வேகம் ஏறாது. நான் சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தேன். திரை ஏதோ மாதிரி ஆனது. பிறகு ஆட்டத்தைத் திறந்து புல்வெளியில் இறங்கினேன்.

புல் கறுத்துப்போயிருந்தது. அதன் நடுவே ஒருவன் வெளிறிப்போய்ப் படுத்திருந்தான். கம்ப்யூட்டரே ஓட்டும் பொம்மை ஆள்தான். அவன் அசையவில்லை. அசையாமலே தெரிந்தான்.

நான் சுடவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வாராவாரம் முன்னதாகப் போய் அந்த இரண்டு கட்டையையும் இழுத்து வைத்துக்கொள்வேன். எழுந்திருக்கும் முன் டீபால்ட் என்ற பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவேன். திரை சுவரைப் பார்த்த மாதிரி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. என் ஆட்டம் ஏறியது. அதுவரை கட்சி பிரிக்கும்போது கடைசியில் மிச்சமாக நிற்பவன் நான். இப்போது லீடர் முதலிலேயே என் தோளைப் பிடித்து, "இவன் நம்மாளு" என்றார். அந்தக் கை தோளில் இருந்த இடம் பஸ்ஸில் வீடு போகும்வரை எனக்குத் தெரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பாயின் யூபிஎஸ் கீச்சென்று கத்தி அடங்கியது. கரண்ட் வந்து எல்லாம் மறுபடி கிளம்பியபோது என் செட்டிங் போயிருந்தது. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அவசரத்தில் நான் கலர் பக்கத்தைத் திறந்து இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் லீடர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இன்னாடா இது, பீட்ரூட் பொரியல் மாதிரி கீது?"

"சும்மாண்ணா. ஏதோ மாறிடுச்சு."

"மாறிடுச்சா, மாத்துனியா?"

அவர் என் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு டீபால்ட்டை அழுத்தினார். புல்வெளியைத் திறந்தார். "எதிராளி எங்க கீறான், காட்டு."

நான் ஒரு இடத்தைக் காட்டினேன். அது புதர்.

மற்றவர்கள் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். வேன் டிரைவர் தன் சட்டைக் காலரைப் பிடித்துக்காட்டி, "இது இன்னா கலரு?" என்றார். சொன்னேன். சிரித்தார்கள். மவுஸ் அட்டையைக் காட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே காயும் புடவையைக் காட்டினார்கள். சரியாகச் சொன்னாலும் சிரித்தார்கள், தப்பாகச் சொன்னாலும் சிரித்தார்கள்.

"டேய், ரோட்டுல சிக்னல்ல எப்படி நிப்ப?"

"மேல எரிஞ்சா நிப்பேன். கீழ எரிஞ்சா போவேன்."

"மேலயும் கீழயும் தெரியுது, கலர் மட்டும் தெரியல!" வேன் டிரைவர் மேசையைத் தட்டினார். "அதான் கம்பெனில அத்தினி பொண்ணுங்க கீதுங்க, ஒண்ணத்தயும் நிமிந்து பாக்க மாட்டேன்றான். கலரே தெரியாதவன் எங்க கலர் பாப்பான்!"

பெண்களைக் கலர் என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பேச்சு. அன்றிலிருந்து என் பெயர் கலர்.

நான் லீடரைத் தனியே மாடிப்படியில் பிடித்துக் கேட்டேன். "அண்ணா, கம்பெனில சொல்லிடாதீங்க. பெர்மனென்ட் லிஸ்ட் போடப்போறாங்க."

"அம்மா மேல சத்தியமா சொல்லமாட்டேன் மச்சான். நீ நம்மாளுடா."

அவர் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை லைன் முழுக்கக் கேட்கும்படி, "கலரு, இங்க வா" என்றார். எதிர் போர்டில் வேலை செய்த பெண்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். "பேரப் பாரு, பேர. மூஞ்சப் பாத்தா பூனை மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அண்ணா, இந்த ஆளை வேற லைனுக்கு அனுப்புங்க" என்றாள். "அவன் ஒண்ணும் பண்ணமாட்டான்க்கா, அவனுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லிவிட்டு லீடர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பெண்கள் பக்கம் நான் ஒருநாளும் தலைதூக்கிப் பார்த்ததில்லை. அதன் பிறகு தண்ணீர் குடிக்கப் போகும் வழியையும் மாற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தைவிட என் திரைதான் அவர்களுக்கு வேடிக்கை. லீடர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் விளையாடும்போதே பச்சையை ஏற்றுவார், சிவப்பை இறக்குவார். நான் எங்கள் கட்சி ஆளையே சுடுவேன். "சொந்தக்காரனயே போட்டுட்டான்டா!" "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி." செத்தவனும் எழுந்து வந்து சிரிப்பான். நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் லீடருக்குக் கோபம் வரும், லீடர்தான் என் பெயரைப் பெர்மனென்டுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

எழுதிக்கொடுத்தார். அதில் பொய் சொல்லக்கூடாது. லிஸ்ட்டில் என் பெயர் வந்தது. அண்ணி அன்று என் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தார். ஆனால் பெர்மனென்டுக்கு முன்னால் மெடிக்கல் உண்டு. கண்ணுக்கும் டெஸ்ட் உண்டு. புள்ளிப் புள்ளியாக இருக்கும் ஒரு புத்தகம், அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும் என்று லீடர்தான் சொன்னார்.

"மூஞ்சத் தொங்கப் போடாத. நான் கீறேன்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தின் பக்கங்களை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி மூலைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். வட்ட வட்டமாகப் புள்ளிகள். முதல் பக்கத்துக்கு அடுத்து வந்தவற்றில் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. லீடர் டிரைவர் செட்டிங்கைத் திறந்து சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தார். புள்ளிகளுக்குள்ளிருந்து எண்கள் மெல்ல எழுந்து வந்தன. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"அங்க இந்த செட்டிங் வராது. வரிசைய மனப்பாடம் பண்ணு. அந்த டாக்டர் தூங்குமூஞ்சி, எல்லாருக்கும் மொதப் பக்கத்துலேந்துதான் திருப்புவாரு."

ஒப்பித்தேன். தப்பினால் வேன் டிரைவர் பின்னந்தலையில் தட்டுவார். மனப்பாடம் செய்வது எனக்குப் பழக்கம்தான். கடைசிப் பக்கங்களில் ஒன்று வந்தபோது, மாற்றிய செட்டிங்கில் அதில் எந்த எண்ணும் தெரியவில்லை.

"இதுல ஒண்ணும் இல்லையேண்ணா."

லீடர் வேன் டிரைவரைப் பார்த்தார். பிறகு அவரே டீபால்ட்டை அழுத்தினார். "இப்பப் பாரு."

திரை பழைய நிறத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் எனக்கு எண் தெரிந்தது. எந்த உதவியும் இல்லாமல், என் சொந்தக் கண்ணில், சுண்ணாம்பால் எழுதியது போல.

"நாற்பத்தஞ்சு!"

"கரெக்டு. நாப்பத்தஞ்சுதான். அதத் தைரியமா சொல்லு."

பின்னால் யாரோ மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "வேணாம்ப்பா, பாவம்" என்றார். "பாய், நீங்க டைம் மட்டும் பாருங்க" என்றார் லீடர். கம்பெனியை ஏமாற்றுவது பாவம் என்று பாய் நினைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மெடிக்கல் கம்பெனியின் முதலுதவி அறையில் நடந்தது. லைன் லீடர்கள் அவரவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். என் லீடர் கதவருகில் நின்றார். டாக்டர் வெளியிலிருந்து வந்தவர். உண்மையிலேயே தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தார். முதல் பக்கத்திலிருந்து திருப்பினார். நான் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். புள்ளிகளைப் பார்க்காமல், பக்கம் புரளும் சத்தத்துக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்தப் பக்கம் வந்தது. இதற்கு மட்டும் மனப்பாடம் தேவையில்லை. அங்கே தெரிந்தது. இதுவரை சொன்னதெல்லாம் லீடருடைய கண், இது என்னுடையது என்று தோன்றியது. கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நாற்பத்தஞ்சு சார்."

டாக்டரின் கை நின்றது. "என்ன?"

"நாற்பத்தஞ்சு."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத் தெரியுது சார். நாலு, அஞ்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கத்துல நல்ல கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கே தெரியாது. சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கு மட்டும்தான் இதுல நாற்பத்தஞ்சு தெரியும். அதுக்காகவே வச்ச பக்கம் இது."

கதவருகில் லீடர் இருமினார். அது இருமல் இல்லை.

டாக்டர் புத்தகத்தை நடுவில் திறந்தார். பிறகு முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம். எனக்கு வரிசைதான் தெரியும். வரிசையில்லாமல் ஒன்றும் தெரியாது. "எத்தனை வருஷமா ஒயர் கட்டுறீங்க?" என்று கேட்டார்.

ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒயர் தொடும் வேலைக்கு என்னை வைக்க முடியாது, பேக்கிங்கில் இடமில்லை, கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடியும். நான் கட்டிய ஒயர் எங்கேயோ ஒரு காருக்குள் இருக்கிறது, அதில் ஒரு குடும்பம் போகிறது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. டெஸ்ட்டில் ஏமாற்றப் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். நானே படித்தேன் என்றேன். லீடர் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது லீடர் பின்னாலேயே வந்தார்.

"டேய், நெசமாவே உனக்கு நாப்பத்தஞ்சு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுண்ணா."

"எனக்கு வெறும் புள்ளியாத்தான்டா கீது! இன்னா மாதிரி தெரியும், எழுதுன மாதிரியா?" அவருக்கு உண்மையான ஆர்வம். முகத்தில் கள்ளமே இல்லை.

"அந்தப் பக்கம் அப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"நெட்டுல போட்டிருந்தான். டாக்டரு கண்டுபுடிக்க மாட்டாருன்னு நான் சொன்னேன், கண்டுபுடிப்பாருன்னு படப்பைக்காரன் சொன்னான். ஒரு பிரியாணிக்குப் பந்தயம். நான் உன் பக்கம்தான் கட்டினேன் மச்சான். உன்னால எனக்குத்தான் பிரியாணி போச்சு."

அவர் என் தோளில் கை போட்டார். "அத வுடு. வேல எங்க வேணா கெடைக்கும். ஞாயித்துக்கெழம வந்துடு, ஒரு ஆளு கம்மியாகீது."

வீட்டில் சொன்னதும் அண்ணி உள்ளேயிருந்து ஒரு புடவையை எடுத்து வந்து, "இது என்ன கலர் சொல்லு" என்றார். சொன்னேன். "அடப்பாவி" என்று அண்ணனைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாயின் சென்டருக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. இந்தத் தடவை முன்னதாகப் போகவில்லை. எல்லோரும் வந்த பிறகு போனேன், எல்லோரும் பார்க்கவே படியேறி உள்ளே வந்தேன். மூலைக் கம்ப்யூட்டரின் திரையை ஹால் பக்கம் திருப்பி வைத்து, டிரைவர் செட்டிங்கைத் திறந்து, வேண்டிய அளவு இழுத்துக்கொண்டேன். லீடருக்கு எதிர்க்கட்சியில் நின்றேன். அவருக்குச் செங்கல் நிற உடை.

புல்வெளியில் நான் வேறு யாரையும் சுடவில்லை. பக்கத்தில் வந்து நின்றவர்களையும் விட்டுவிட்டேன். லீடரை மட்டும் தேடினேன். கறுத்த புல்லில் எங்கே படுத்தாலும் அவர் வெளிறித் தெரிந்தார். அவர் எழுந்தவுடன் சுட்டேன். மறுபடி பிறந்து வரும் இடத்திலேயே காத்திருந்து சுட்டேன். அவருக்கு நடக்கவே வாய்க்கவில்லை. தலையில் சுட்டால் உடனே செத்துவிடுவார் என்பதால் முதலில் காலில் சுட்டேன்.

"இன்னா லீடரே, வெளிய வர மாட்டேன்ற?" என்று வேன் டிரைவர் கத்தினார். சென்டர் முழுக்கச் சிரிப்பு. இப்போது எல்லோரும் எழுந்து போய் லீடரின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அவர் காது சூடேறியிருக்க வேண்டும். நிறம் எனக்குத் தெரியவில்லை, அவர் காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளி அவரும் சிரித்தார்.

"வேல போனதும் ஆட்டம் ஏறிடுச்சு பாரேன். இவனுக்கு முன்னாடியே போயிருக்கணும்டா."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்லாவில் பாயும் சிரித்துவிட்டு, பிறகு வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அடுத்த ஆட்டம் ஆரம்பித்தது. மறுநாள் காலையில் எழுந்து போக எனக்கு இடம் எதுவும் இல்லை. பாய் ஷட்டரை இறக்க வரும்வரை அங்கேயே உட்கார்ந்து அவரைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.